முட்டி என் இலாகா

இன்று காலை ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எதிர்ப்பு எதுவும் பதிவாகாத நிலையில், நம் வீட்டு ஜன்னலோரம் இருக்கும் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் இனி நான் உட்காரலாம் என்று ஒருமனதாகத் தீர்மானமானது. கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

அது உன் நாற்காலி. நீ போன பிறகு அதில் யாரையும் உட்காரவிட்டதில்லை. கேபிள்காரர் ஒருமுறை உட்காரப் பார்த்தார். கால் ஆடுகிறது என்று பொய் சொன்னேன். பக்கத்தில் தரையில் அந்தத் தோல் திண்டு கிடக்கிறது. கம்பெனியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோலை நான் வெட்ட, நீ தைத்தது. ஆம்பூரில் ஊரார் காலுக்கெல்லாம் ஷூ செய்து அனுப்பிய நாம் இருவரும் நமக்கென்று சேர்ந்து செய்துகொண்ட பொருள் அது ஒன்றுதான், மகளைத் தவிர. இன்று மழை. ஈரக்காற்று பட்டதும் திண்டிலிருந்து பழைய கம்பெனி வாசனை எழுந்தது.

எல்லாம் உன் டிபன் பாக்ஸால் வந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாய். வலது பாதம் ரோட்டோரப் பள்ளத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் சிநேகிதி ஜன்னலில் தலையை நீட்டி, “யக்கா, டப்பாவ உட்டுட்டு போறியே!” என்று கத்தினாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. நடுவிலிருந்த முட்டி யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் திகைத்தது. உள்ளே ‘டப்’ என்று ஏதோ விட்டதாகச் சொன்னாய். மறுநாள் முட்டி இளநீர்க் காய் மாதிரி வீங்கியிருந்தது. டிபன் பாக்ஸ் சேதமின்றி வந்து சேர்ந்தது.

அப்போது அரக்கோணத்தில் நம் மகள் மெர்சி மறுபடி முழுகாமல் இருந்தாள். முதல் குழந்தை தங்கவில்லை. இந்தக் குழந்தை நல்லபடி பிறக்கும்வரை தினமும் விடியலில் முழங்காலிட்டு ஜெபிப்பதாகப் பொருத்தனை செய்திருந்தாய். உட்கார்ந்து ஜெபித்தால் ஆகாதா என்று கேட்டேன்.

“நம்ம மேனேஜருகிட்டயே உக்காந்துகினு பேச மாட்டோம். ஆண்டவர்கிட்ட பேசறதா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவ அறிக்கைக்குச் சபை முழுவதும் முழங்காலிட்டது. பிறகு எழுந்தது. நீ எழவில்லை. கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, கண்ணீர் வழிய அப்படியே இருந்தாய். போதகர் பார்த்தார், உருகினார், ஜெபத்தை நீட்டினார். பெண்கள் வரிசை மறுபடி முழங்காலிட்டது, அதைப் பார்த்து ஆண்கள் வரிசையும். எனக்கு விசுவாசம் கம்மி என்பது ஊரறிந்த விஷயம். நானும் வேறு வழியின்றி நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் இறங்கினேன். அப்போதுதான் நீ தலையைச் சாய்த்து மெல்லச் சொன்னாய்.

“இன்னாங்க, முட்டி பூட்டிகிச்சு. நீட்டவே வரல.”

“சொல்றதுதானே?”

“அவரு ஜெபம் பண்ணிகினு இருக்காரு. நடுவுல எப்டிங்க சொல்றது?”

நானும் உன் சிநேகிதியும் தூக்கி வந்தோம். இப்படி ஒரு எழுப்புதல் ஆராதனையைச் சமீபத்தில் கண்டதில்லை என்று வாசலில் பலர் சாட்சி சொன்னார்கள். நாம் மறுக்கவில்லை.

வேலூரில் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் முட்டியை மேசைமேல் வைத்து விளக்கினார். மேலே தொடையெலும்பின் இரண்டு உருண்டைகள். கீழே காலெலும்பின் தட்டையான மேடை. உருண்டை மேடையில் நழுவாமலிருக்க நடுவில் பிறை வடிவில் இரண்டு மெத்தைகள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நார்கள், வெளியே பக்கத்துக்கு ஒன்று. முன்னால் சில்லு. முட்டி முக்கியமாக மடங்கவும் நீளவும் ஏற்பட்டது. மடங்கியிருக்கும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும். பாதம் ஊன்றியிருக்க உடம்பு வேகமாகத் திரும்பினால் மெத்தை நடுவில் மாட்டிக் கிழியும். கிழிந்த துண்டு இடையில் சிக்கினால் முட்டி பூட்டிக்கொள்ளும்.

“இன்சோல் கிழிஞ்சிருக்குது, அதானே சார்?” என்றாய். “அப்ப தச்சுடுங்க.”

சில கிழிசலைத் தைக்கலாம், இது உள்விளிம்பு, இங்கே ரத்த ஓட்டம் இல்லை, தையல் ஒட்டாது, சிறு துளை போட்டுக் கிழிந்ததை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“தோலு செத்த பொறவும் தையல் புடிக்குது. இது உசுரோட இருந்தே புடிக்காதா?”

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, குந்தக் கூடாது, சம்மணம் கூடாது, முழங்காலிடவே கூடாது, மெத்தையில் மிச்சமிருப்பதும் நசுங்கிப்போகும் என்றார். பஸ்ஸில் ஆம்பூர் வரை அழுதுகொண்டு வந்தாய். அழுகை முட்டிக்காக அல்ல.

வெட்டி எடுத்த பிறகு ஒரு விடியலில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாய். உதடு அசையவில்லை.

“வார்த்தையே வரல. முட்டி தரைல பட்டாதான் வாய் தொறக்குது. பொருத்தன உட்டுப்போச்சுன்னா மெர்சிக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா கீதுங்க.”

“முட்டிதான வேணும்? என்னுது ரெண்டும் சும்மாதான் கெடக்குது.”

குனிந்து என் முட்டியைத் தட்டிப் பார்த்தாய். “வார்த்த?”

“அது உன் இலாகா.”

இப்படியாக, வேதத்தில் எங்கும் சொல்லப்படாத ஒரு வேலைப் பிரிவினை நம் வீட்டில் அமலுக்கு வந்தது. நாற்காலியில் நீ. கீழே திண்டின்மேல் நான். உன் கை என் தோளில் இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத்தான் வருவேன் என்பதால் ஒரு காதை அங்கே விட்டிருப்பேன்.

“பால் பொங்கப்போவுது. ஆமென் சொல்லு.”

“ஆண்டவர் முன்னால பால் ஞாபகம் வந்தா அது ஜெபமாங்க?”

“முட்டி ஜெபத்துலதான் கீது. காது மட்டும் பால்ல கீது.”

தலையில் ஒரு தட்டு விழும். பால் ஒருநாளும் பொங்கி வழிந்ததில்லை.

பேத்தி நல்லபடி பிறந்தாள். பொருத்தனை முடிந்தது. ஆனாலும் மறுநாள் நீ வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய். நானும் திண்டைப் போட்டேன்.

உன் முட்டியைப் பற்றி ஊரெல்லாம் அபிப்பிராயம் கேட்டோம். உன் இதயத்தைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. அதுவும் ஒருநாள்கூட வலிக்கிறதென்று சொல்லாமல் போன வருஷம் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகும் காலையில் திண்டைப் போட்டேன். என் இலாகா எதுவோ அதைச் செய்தேன். வார்த்தை எதுவும் சொல்லவில்லை. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் முழங்காலிட்டிருந்துவிட்டு, பால் பொங்குமுன் எழுந்துவிடுவேன்.

இந்த மாதம் என் முட்டி வீங்கியது. அதே டாக்டர்தான். சில்லுக்கு முன்னால் ஒரு சின்ன நீர்ப்பை உண்டாம், அதுதான் வீங்கியிருக்கிறதாம்.

“டைல்ஸ் போடறவங்களுக்கு ஜாஸ்தி வரும் சார். தினம் தரைல முட்டி போட்டா வர்றது. நீங்க இன்னா வேல பண்றீங்க?”

“ரிடையர்டு” என்றேன்.

இனி முழங்காலிடக் கூடாது என்றார். மேற்படி தீர்மானத்துக்கு அதுதான் காரணம்.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். திண்டை மடியில் வைத்துக்கொண்டேன். முட்டிக்கு வேலை இல்லை. உன் இலாகாவோ காலியாக இருந்தது. மெர்சியிலிருந்து ஆரம்பித்தேன். பேத்திக்கு முன்பல் விழுந்ததைச் சொன்னேன். பிறகு உன்னைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, டிபன் பாக்ஸைப் பற்றிக்கூட. கண் திறந்தபோது மழை விட்டிருந்தது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, பாத்திரம் அடிப்பிடித்திருந்தது.