கல்லறைத் தோட்டத்துக் கிணறு

தேரிக்கரைவிளை
மார்ச் 4

பாசமுள்ள ராகேல் அக்காவுக்கு,

தம்பி பெனிஷின் ஸ்தோத்திரம். போனில் பேசினால் பாதியிலேயே சண்டை போட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன். மஸ்கட்டில் நர்ஸ் வேலை எப்படிப் போகிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நம் ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகிவிட்டன. மழை இல்லை. அணையிலிருந்து வரும் சானல் தண்ணீரும் கடைமடைக்கு வரவில்லை. கடல் மேலே ஏறி வந்தால் கண்ணுக்குத் தெரியும். இது மண்ணுக்கு அடியில் சத்தமில்லாமல் வருகிறது. முதலில் கடற்கரைத் தெரு, பிறகு பள்ளிக்கூடம், போன மாதம் நம் வீடு. சாயாவுக்குப் பால் ஊற்றினால் திரிந்துபோகிறது.

தப்பியது ஒரே ஒரு கிணறு. சபைக் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் கல்லறைக்குப் பின்னால் புதர் மூடிக் கிடந்ததே, அதுதான். தண்ணீர் இளநீர் போல இருக்கிறது. எல்லோரும் வாய் வைக்கப் பயந்தார்கள். சபைச் செயலாளர் என்ற முறையில் நானே முதலில் குடித்துக் காட்டினேன். எவ்வளவு இறைத்தாலும் மறுநாள் அதே மட்டத்துக்கு வந்து நிற்கிறது. காக்கை மட்டும் அந்தப் பக்கம் வருவதில்லை.

பக்கத்துத் தெருக்காரர்களும் குடத்தோடு வரத் தொடங்கினார்கள். சபையாருக்கு மட்டும்தான் என்று சபைக் கமிட்டி கூடி தோட்டத்துக் கேட்டைப் பூட்டிவிட்டது. சாவி என்னிடம் இருக்கிறது.

உன் தம்பி,
பெனிஷ்


மஸ்கட்
மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் குடிப்பதும் கடல்தான். எரிவாயுவை எரித்து, உப்பைப் பிரித்துத் தருகிறார்கள். அந்தப் புகையும் சேர்ந்துதான் உலகத்தைச் சூடாக்கி உங்கள் பக்கம் கடலை ஏற்றுகிறது என்று உடன் வேலை செய்யும் டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து குளிக்கக் குழாயைத் திறந்தால் நம் வீட்டுக் கிணறு ஞாபகம் வருகிறது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, மக்கா.

ஆனாலும் கேட்கிறேன். பக்கத்துத் தெரு முத்துக்கனி சித்தியின் மகள் அபிதா ஆறு மாதக் கர்ப்பம். உப்புத் தண்ணீரையே குடித்தால் பிரஷர் ஏறும், கால் வீங்கும், வலிப்புகூட வரலாம். அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் அவளைக் குளிப்பாட்டியது சித்திதான். நான் இங்கே இருந்தேன். நீ அந்த அறைக்குள் போகவே பயந்தாய்.

பூட்டைத் திற. எல்லோருக்கும் முடியாவிட்டால் அபிதாவுக்காவது ஒரு குடம் கொடு.

அக்கா,
ராகேல்


தேரிக்கரைவிளை
ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே எழுதாததற்குக் கோபிக்காதே. கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகள் சாய்கின்றன. மோட்டார் வைத்து இறைப்பதால் அடிமணல் இறங்குகிறது என்கிறார் ரசலையன் கொத்தனார். இருக்கலாம். ஆனால் ஒன்றுகூட வேறு பக்கம் சாயவில்லை. எல்லாமே கிணற்றைப் பார்த்துச் சாய்கின்றன, உள்ளே எட்டிப் பார்ப்பது போல. அம்மாவுடையதும்தான். பட்டப்பகலில்கூட அங்கே தனியாக நிற்க முடியவில்லை. மணலுக்குள் யாரோ மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்கிறது.

சித்தி வந்தாள். "ஒரு கொடம் போதும்டே பெனிஷு. பிள்ளத்தாச்சிக்கு காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு" என்றாள்.

"கமிட்டி தீர்மானம் சித்தி. ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்லா."

"உனக்க அம்மையக் குளிப்பாட்டின தண்ணி ஆருக்க கெணத்துல கோரினது மக்கா? எனக்க கெணத்துல."

வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மழை வரட்டும் அக்கா, எல்லாம் சரியாகிவிடும்.

பெனிஷ்


மஸ்கட்
மே 11

பெனிஷ்,

சித்தி போன் செய்தாள். அபிதாவுக்கு வலிப்பு வந்து, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்களாம். உயிர் இல்லை.

உப்புதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நீ ஒரு குடம் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது.

உன்னைப் பற்றிச் சித்தி ஒரு குறையும் சொல்லவில்லை. "பெனிஷு சொகமா இருக்கான்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் கேட்க முடியாமல் போனை வைத்துவிட்டேன்.

ராகேல்


தேரிக்கரைவிளை
ஜூலை 7

அக்கா,

உன் மே மாதக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. இதையாவது படி.

சாவி கையில் இருந்தும், இனி யாரும் பூட்டக் கூடாது என்று பூட்டை உடைத்துவிட்டேன். கமிட்டியைக் கேட்கவில்லை, செயலாளர் பொறுப்பையும் விட்டுவிட்டேன். கேட் எப்போதும் திறந்தே கிடக்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. நம் சபையாரும் அந்தக் குழந்தையை அடக்கம் செய்த நாளோடு இங்கே தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கிறார்கள். ஒரு துளி மழை பெய்யாமலேயே கிணறு ஏறிக்கொண்டு வருகிறது. விளிம்புக்கு இன்னும் ஒரு சாண்தான்.

நேற்று ஒரு குடம் கோரி, தலையில் வைத்துச் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அபிதா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குடத்தை இறக்கி வைத்து, "நல்ல தண்ணி மக்கா" என்றேன்.

அவள் குடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எங்களுக்கு உப்பு பழகியாச்சி அண்ணா" என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. குடத்தைத் திரும்ப என் தலையில் தூக்கி வைத்ததும் அவள்தான்.

இப்போது அந்தக் கிணற்றில் நான் மட்டும்தான் குடிக்கிறேன். இன்று காலை தண்ணீர் கரித்தது. கிணறு மாறிவிட்டதா, என் நாக்கு மாறிவிட்டதா, தெரியவில்லை. வாங்கிக் குடித்துப் பார்த்துச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

நீ வருவாயா அக்கா?

பெனிஷ்