பறிக்காத பன்னிரண்டு முட்டைக்கோஸ்

எங்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. டாக்டர் சொல்லி, மனைவி வாங்கி, நான் வெறுக்கிற சாமான். போன வாரம் அது ஒன்றும் காட்டாமல் நின்றுவிட்டது. இரண்டு நாள் நான் நிம்மதியாகப் பழம்பொரி தின்றேன். மூன்றாம் நாள் மனைவி அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, பேட்டரிதான் தீர்ந்திருக்கிறது, போய் வாங்கி வாருங்கள் என்று வைட்டிலாவுக்குத் துரத்தினாள். கடைக்காரர் அட்டையைக் கிழித்து என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தார். வட்டமாக, வெள்ளி நிறத்தில், பழைய ஒரு ரூபாய் போல, சில்லென்று.

கடை வாசலிலேயே எனக்குச் சுக்கு நெடி ஏறித் தும்மல் வந்துவிட்டது. வைட்டிலா ஜங்ஷனில் சுக்கு ஏது? பஸ் புகைதான் இருந்தது. அது மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் உன் கடைக்குக் கீழே இருந்த கிட்டங்கியின் சுக்கு. இத்தனை வருஷம் கழித்து என் மூக்கைத் தேடி வந்திருக்கிறது.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருந்திருந்தாலும் நீ இதை வாசித்திருக்க மாட்டாய். பேச்சு தமிழ், படிப்பு மலையாளம் என்று வளர்ந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை நீ. தமிழ்ச் சங்க மலரில் என் நகைச்சுவைக் கட்டுரை வந்தால் என்னையே வாசிக்கச் சொல்லி, நான் எங்கே சிரிக்கிறேனோ அங்கே நீயும் சிரிப்பாய். அப்படிப்பட்ட வாசகர் எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை. நீ வாசிக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் இதைச் சொல்லவும் முடிகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் மட்டாஞ்சேரியில் வீடியோ கேம் கடை வைத்தது நீ ஒருவன்தான் என்று நீ சொல்லிக்கொள்வாய். இன்னும் இரண்டு பேர் வைத்திருந்தார்கள், அது போகட்டும். சுக்கும் மிளகும் அடைத்த கிட்டங்கியின் மாடி. மூன்று டிவி, மூன்று மெஷின், சுவர் அலமாரியில் முப்பத்தேழு கேசட். ஒவ்வொன்றையும் சோப்புப் பெட்டி மாதிரி துடைத்து அடுக்கியிருப்பாய். ஒரு கேசட் ஓடவில்லை என்றால் எல்லோரும் அதற்குள் ஊதுவார்கள். உன் கடையில் மட்டும் ஊதக் கூடாது. எச்சில் பட்டால் துருப் பிடிக்கும் என்று போர்டே எழுதி மாட்டியிருந்தாய். மலையாளத்தில் எழுதியிருந்ததால் நான் படிக்கத் தெரியாத மாதிரி நடித்து ஊதுவேன்.

கப்பலில் வேலை பார்த்த உன் மாமா மகன் ஜப்பானிலிருந்து ஒரு பை நிறையப் பழைய கேசட் கொண்டுவந்தானே, அதில் ஒன்று யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. அடிதடி இல்லை, கார் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு சின்ன வீடு, வீட்டைச் சுற்றி நிலம். விதை போடு, தண்ணீர் ஊற்று, மாட்டுக்குத் தீனி வை, தூங்கு, எழுந்திரு. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. இதைப் போய் எவன் விளையாடுவான் என்று நீ அலமாரியின் கீழ்த்தட்டில் போட்டாய். உன் மனைவி ஜமீலா எடுத்தாள்.

உனக்கு மதியச் சோறு கொண்டுவருகிறவள் அவள். வெள்ளிக்கிழமை நீ தொழுகைக்குப் போனபின் கடையில் ஆள் இருக்காது. காவலுக்கு உட்கார்ந்த இடத்தில் ஆரம்பித்தது. ஒரு மாதத்தில், சோற்றுப் பாத்திரத்தை வைத்த கையோடு உன்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவாள்.

"எந்திரிங்க, எனக்கு ஜப்பான் வீட்ல வேலை கெடக்கு. செடிக்கெல்லாம் வெள்ளம் ஊத்தணும்."

இதை நான் வெளியே போய் என் பாணியில் சொன்னேன். ராவுத்தர் ஜப்பானில் வீடும் நிலமும் வாங்கிவிட்டார், மாடுகூட இருக்கிறது என்று. கொச்சங்காடிக்கு அது போதும். இரண்டு வாரத்தில் உன் மாமியார் வீட்டில் விசாரணை. மூன்றாம் வாரத்தில் ஒருவர் தம் மகனுக்கு விசா கேட்டு வந்து நின்றார். நீ என்னைத் துரத்திக்கொண்டு சாயாக் கடை வரைக்கும் ஓடிவந்தாய். ஜமீலாவோ விசா கேட்டவரை உட்காரவைத்து, மாட்டைக் காட்டி, "பாருங்க, பாலு கறக்க ஆளு வேணும்னா சொல்றேன்" என்றாள்.

அந்த விளையாட்டில் முதலில் பேர் கொடுக்க வேண்டும். நான்கு கட்டம், ஒரு பலகை நிறைய ஜப்பான் எழுத்து. அவளுக்கு என்ன தெரியும்? வடிவம் பார்த்து எடுத்தாள். ஒன்று நாற்காலி மாதிரி, ஒன்று தூண்டில் மாதிரி, ஒன்று சாய்ந்த ஏணி மாதிரி. நாலாவது ஒன்று. நான்கும் சேர்ந்து ஜப்பானில் என்ன அர்த்தமோ, கொச்சங்காடியில் ஜமீலா என்று அர்த்தம்.

பிறகு அந்த மழைக்காலம். ஜமீலாவுக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம். அதை நான் எழுதப்போவதில்லை. நீயும் பேசியதில்லை.

நாற்பது நாள் கழித்துக் கடை திறந்தாய். நான் படியேறி வந்தபோது அந்தக் கேசட்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கடைசியாகப் பதிவு செய்த காலை. வீட்டு வாசலில் தொப்பி போட்ட ஒரு குட்டி உருவம். வயலில் பன்னிரண்டு முட்டைக்கோஸ் விளைந்து பறிக்கிற பதத்தில் நின்றன. நீ எதையும் அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாய், அணைத்தாய். அழுத்தினால் அந்த நாள் நகரும், பறித்தால் வயல் காலியாகும். மாதம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை மதியம், தொழுதுவிட்டு வந்து திறந்து பார்த்து அணைப்பது உன் வழக்கமானது. நான் பகடி செய்யாத ஒரே வழக்கமும் அதுதான்.

அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய். கேசட்டுக்குள் ஒரு பேட்டரி. அது உயிரோடு இருக்கிறவரைக்கும் முட்டைக்கோஸ் இருக்கும். மட்டாஞ்சேரி உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. கழற்றிப் புதுசு போட்டாலோ அந்த நொடியில் எல்லாம் அழிந்துவிடும். நீ பல மாதம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாய். கேசட்டின் மேலோட்டைக் கழற்றி, மெஷினில் செருகி, கரண்ட் ஓடும்போதே பழையதை எடுத்துப் புதியதைப் பற்றவைப்பது. மெஷினின் கரண்ட் அதுவரை நினைவைத் தாங்கிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. அதற்காகத்தான் நான் என் ஆபீஸ் யுபிஎஸ்ஸை முதலாளிக்குத் தெரியாமல் ஆட்டோவில் தூக்கிவந்தேன்.

அன்று கீழே கிட்டங்கியில் சுக்கு சாக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தூள் படியேறி வந்தது. நான் கேசட் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். நீ பற்றவைக்கும் கம்பியோடு குனிந்திருந்தாய். எனக்குத் தும்மல் முட்டியது.

"மச்சானே, தும்முனியோ, ஒன்னக் கொன்னுட்டு நான் ஜெயிலுக்குப் போவேன்."

நான் நாக்கைக் கடித்தேன், கண்ணில் நீர் கொட்டியது. வேலை முடிந்து நீ கையைக் காட்டியதும் படியில் இறங்கி ஓடிப்போய்ப் பதினேழு தும்மல் தும்மினேன். திரும்பி வந்தபோது திரையில் பன்னிரண்டும் நின்றன. நீ டிவியின் மேல் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தாய். நாம் இருவரும் சேர்ந்து செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அடுத்து வருவதைச் செய்தவனும் இதே ஆள்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் உன் கடை காய்ந்துவிட்டது. முதலில் சீடி வந்தது, பிறகு அதுவும் வேண்டாம், நெட்டில் இறக்கிக்கொள்ளலாம் என்றானது. கிட்டங்கிக்காரர் கட்டடத்தை விற்றார், இரண்டு வாரத்தில் காலி செய்யச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பாலக்காட்டில் உன் அத்தா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பஸ் ஏறும்போது சாவியை என் கையில் கொடுத்து, "சாமானெல்லாம் நீ பாத்துக்க" என்றாய். நான் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது கம்ப்யூட்டர் பைத்தியம். ஆபீசில் பிரிண்டர் மக்கர் செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்ற மிதப்பு வேறு. முப்பத்தேழு கேசட்டின் பேரையும் எழுதி, ஒவ்வொன்றையும் நெட்டில் தேடிக் கண்டுபிடித்து இறக்கினேன். அந்த ஜப்பான் விளையாட்டுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. அதே படம் திரையில் வந்தது, அதே பாட்டு வந்தது. டிக் போட்டேன். உள்ளே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. ஜமீலா விளையாட்டுக்குள் இருக்கிறாள், விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது, ஆகவே அவளும் வந்துவிட்டாள். இப்படி யோசித்தவன் பேட்டரிக்காக யுபிஎஸ் சுமந்தவன். எல்லாம் ஒரு டிபன் பாக்ஸ் அளவு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கியது. கேசட்டுகளைச் சாக்கில் கட்டி ஆக்ரிக் கடையில் பழைய இரும்போடு போட்டேன். மெஷின்களும் போயின, என் மகனுக்கென்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். குப்பையிலிருந்து உனக்கு விடுதலை வாங்கித் தந்ததாக நினைப்பு.

நீ திரும்பி வந்த நாள் வெள்ளிக்கிழமை. நேராக என் வீட்டுக்கு வந்தாய். நான் சாயாவும் கொடுத்து, பெருமையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து அதைத் திறந்தேன். பாட்டு வந்தது. அப்புறம் நான்கு காலிக் கட்டம். பேர் என்ன என்று கேட்டது.

நீ எதையோ நான்கு முறை அழுத்தி உள்ளே போனாய். வீடு இருந்தது. நிலம் முழுக்கப் புல்லும் கல்லும்.

"வீடு இருக்கு," என்றாய். "ஆளு இல்ல."

சாயாவைக் குடித்து முடித்துத்தான் எழுந்தாய். பாதியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் ஆக்ரிக் கடைக்கு ஓடினேன். சாக்கு இருந்தது. அங்கே வேலை செய்கிறவர் நல்ல மனிதர், ஒழுங்கான மனிதர். மேலோட்டை உடைத்துப் பிளாஸ்டிக்கைத் தனியாக, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையைத் தனியாகப் பிரித்துவைத்திருந்தார். பேட்டரி கிடந்தால் தீப்பிடிக்கும் என்று எல்லாவற்றையும் முதலிலேயே குறடு வைத்துப் பிடுங்கி ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டிருந்தார். டப்பாவைக் குலுக்கிக் காட்டினார். உன் கேசட்டின் பலகையைக் கண்டுபிடித்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். நீ பற்றவைத்த ஈயம் இன்னும் பளபளத்தது. அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

நீ என்னை விட்டு விலகவும் இல்லை. மொபைல் ரீசார்ஜ் கடை போட்டாய், வழியில் பார்த்தால் சிரித்தாய், என் மகளின் கல்யாணத்துக்கு வந்து பிரியாணியைப் பற்றிக் குறைகூடச் சொன்னாய். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு தடவைகூட என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. சேட்டா என்றாய். கடையில் வந்து நிற்கிற எவனையும் கூப்பிடுகிற மாதிரி. வெளியே நின்று கேட்பவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் சுள்ளென்று இருக்கும்.

நான் பெருமையடித்த அந்த ஹார்ட் டிஸ்க் நான்கே வருஷத்தில் டக் டக் என்று தட்டி நின்றுபோனது. இப்போது என் மகன் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளையும் விற்ற கம்பெனியே மூடிவிட்டதாம். நெட்டில்தான் கடை, நெட்டிலேயே ஷட்டர். அவன் பொருமுகிறான். ஒரு ஆக்ரிக்காரரிடம் போய் டப்பாவைக் குலுக்கச் சொல்லக்கூட அவனுக்கு இடமில்லை. உன் கிட்டங்கி மாடியோ காபிக் கடை ஆகிவிட்டது. சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஏதோ ஒரு பழைய மெஷின், 'பழைய கொச்சியின் நினைவுகள்' என்று ஆங்கிலத்தில் சீட்டு. தொடக் கூடாதாம். நான் காபி குடித்துவிட்டு அந்தக் கண்ணாடியில் நன்றாக ஊதிவிட்டு வந்தேன்.

நீ போன மழையில் போனாய். நெஞ்சு வலி, சாயாக் கடை வாசலில், ஐந்தே நிமிஷம். பள்ளிவாசலில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நின்றேன். ஒருவர் என்னைப் பார்த்து, நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டார். வாடிக்கையாளர் என்றேன்.

நேற்று இரண்டு பேட்டரி வாங்கினேன். ஒன்று எடை மெஷினுக்கு. அது உடனே உயிர்பெற்று என் பழம்பொரியைக் காட்டிக்கொடுத்தது. இன்னொன்றை உன் பலகையில், உன் ஈயத்தின் மேலேயே பற்றவைத்தேன். அசிங்கமாகத்தான் வந்தது. பரணில் இருந்த டிவியை இறக்கி, மகனுக்கு எடுத்துவைத்த மெஷினில் பலகையைச் செருகினேன். ஊதவில்லை. பாட்டு வந்தது.

என் திட்டம் இதுதான். அவள் பேரைக் கொடுப்பது, கல் பொறுக்குவது, விதை போடுவது, பன்னிரண்டு முட்டைக்கோஸ் விளைந்ததும் பறிக்காமல் பதிவு செய்து அணைப்பது. இதெல்லாம் யாருக்காக என்று கேட்காதே. நாற்காலியை எடுத்தேன். தூண்டிலை எடுத்தேன். சாய்ந்த ஏணியை எடுத்தேன்.

நாலாவது எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இதைக் கேட்கத்தான் உன் ரீசார்ஜ் கடைக்கு வந்தேன். படியேறி, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தும்விட்டேன். நீ பேனாவை எடுத்தாய்.

"எந்த நம்பருக்கு, சேட்டா?"

என் நம்பரைச் சொன்னேன். ரீசார்ஜ் செய்துகொண்டு திரும்பினேன்.

டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்தால் மூன்று எழுத்தும் போய்விடும், முதலிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் மனைவியிடம் பிளக்கைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். நாலாவது கட்டம் விட்டு விட்டு மின்னுகிறது.