சிவநேசனின் கடைவாய்ப்பல்

செவ்வாய், 4 நவம்பர் 1986

காலையிலிருந்து மழை. மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ படியில் வழுக்கல், குதிங்காலில் வலி. நான் கணக்கெழுதும் பல் டாக்டரின் கிளினிக்கில் ஹீட்டர் மறுபடி மக்கர்.

காப்பீட்டுக்கு அனுப்ப வேண்டிய பில்கள்: எதிர்வீட்டுக் கிழவரின் பல்செட், ரெண்டு சொத்தை. வாங்க: கொத்தமல்லி, தபால்தலை.

செக்யூ என்கிற பிரெஞ்சு அரசின் மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம். சிவநேசன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் பற்றி. கோடையில் இங்கே கடைவாய்ப்பல் பிடுங்கியவர். அந்த இடத்தில் பொய்ப்பல் கட்ட அனுமதி கேட்டுப் போன மாதம் எழுதியிருந்தேன். அவர்களுடைய மருத்துவர் முதலில் வாயைப் பார்க்க வேண்டுமாம். வழக்கமான சோதனைதான். அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

புதன்

இரண்டு பேர் வந்தார்கள். நான் சிவநேசன் என்று நினைத்திருந்தவர் பின்னால் நின்றார், தலையைக் குனிந்தபடி. முன்னால் வந்தவரை நான் பார்த்ததே இல்லை.

"நான்தான் சிவநேசன், அக்கா. இவன் என்ரை தம்பி. இவனுக்கு இஞ்சை இருக்க இன்னும் பேப்பர் கிடைக்கேல்லை. பல்லுக்கொதி தாங்கேலாமல் அழுதவன். என்ரை செக்யூ கார்ட்டைக் குடுத்து விட்டனான்."

"அடுத்தவங்க கார்டை எப்படிக் குடுப்பீங்க?"

"அடுத்தவன் இல்லை, அக்கா, தம்பி. குளிருக்குக் கோட்டும் ஒண்டுதான், மாறி மாறிப் போடுறம்."

எரிச்சலாக வந்தது. கத்தினேன்கூட. சோதனைக்கு இவர் போய் வாயைத் திறந்தால், பிடுங்கியதாக எழுதிய பல் திடமாக நிற்கும். கேள்வி வரும், தம்பி பெயர் வெளியே வரும். காகிதம் இல்லாதவனைத் திருப்பி அனுப்பிவிட்டால்? ஊர் இருக்கிற நிலையில்?

"எந்தப் பல்லு, அக்கா?" என்று கேட்டார். பென்சிலால் என் கன்னத்தில் தொட்டுக் காட்டினேன். அவர் நாக்கால் அதே இடத்தைத் தடவிப் பார்த்தார்.

வியாழன்

மழை இல்லை. டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். முதலில் மேசையைத் தட்டினார். பிறகு, "வலியோடு வந்தவனிடம் நான் கார்டா கேட்டேன்? சும்மாவே பிடுங்கியிருப்பேனே" என்றார். அவரே செக்யூவில் பேசுவாராம். கடுகடு முகம், ஆனால் நல்ல மனுஷன்.

கொத்தமல்லி மறந்துபோச்சு.

வெள்ளி

பேசிவிட்டார்! கார்டு மாறிவிட்டது, தவறு எங்கள் கிளினிக்குடையது என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். பிடுங்கிய செலவைத் திருப்பிக் கட்டினால் போதும். பொய்ப்பல் விண்ணப்பம் ரத்து. சோதனையும் ரத்து. யாரும் போக வேண்டாம்.

கை கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன். சிவநேசன் கார் து நோர் ரயில் நிலையம் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டில் தட்டுக் கழுவுகிறார். மாலையில் போனேன். இன்று வேலைக்கு வரவில்லையாம். நாளை மறுபடி போக வேண்டும்.

சனி

போக வேண்டியிருக்கவில்லை. கிளினிக் கதவைத் திறக்கும்போதே இருவரும் வாசலில். கோட்டு அண்ணன் மேல். கன்னம் வீங்கி, வாயில் துணி. பேச முடியவில்லை. தம்பிதான் சொன்னான், அழுதுகொண்டே.

"ஒபர்வில்லியேயிலை ஒருத்தர், ஊரிலை பல்லுப் புடுங்கினவராம். விறைக்க மருந்து இல்லை, அக்கா. நாலு பேர் பிடிச்சவை. நான் வேண்டாம் எண்டு கத்தினனான்."

சிவநேசன் துணியை எடுத்து வாயைத் திறந்து காட்டினார். நான் பென்சிலால் காட்டிய அதே இடம்.

"இனிச் சரிதானே, அக்கா?" குழறலாக. "இனிப் போய்க் காட்டலாம்தானே?"

டாக்டரைக் கூப்பிட்டேன். உள்ளே வைத்து ஊசி போடுகிறார். தம்பி என் எதிரே உட்கார்ந்திருக்கிறான். சோதனை ரத்தானதை இன்னும் சொல்லவில்லை.