லோடு இழுக்குதுல்ல, அப்புறம் இன்னா?

டேய், இந்த வாரம் ஜெனரேட்டர் ரூம் கதவில் புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள். சிவப்பு எழுத்தில், 'இங்கே புகைபிடிக்கக் கூடாது' என்று. கையில் டெஸ்டரோடு அதன் முன்னால் நின்றேன். பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்த நீ, வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனாலும் உன்னை நினைத்துத்தான் மாட்டியிருக்கிறார்கள். நீ செத்துப்போனதற்கு இவர்கள் கண்டுபிடித்திருக்கும் காரணம் அது.

நீ பழவேற்காட்டு ஏரியில் டீசல் படகு ஓட்டிக்கொண்டிருந்தவன். மீன் குறைந்துபோனதும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் ஆப்பரேட்டரானாய். நான் எலக்ட்ரீஷியன். கரண்ட் போனால் நீ இன்ஜினை ஓட்டுவாய், நான் லைனை மாற்றி மெஷின்களின் சுமையை அதன் மேல் ஏற்றுவேன், அதைத்தான் லோடு என்போம். வந்த புதிதில் கூரைக்கு மேலே போகும் புகைக்குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாய். "கறுப்பா வந்தா காத்து பத்தல, இல்ல டீசல் ஜாஸ்தி. நீலமா வந்தா ஆயில் எரியுது. வெள்ளையா வந்தா டீசல் எரியாமயே வெளிய வர்து. படகுல இத்த பாத்துக்கினேதான் கரை சேருவோம் மச்சான்" என்றாய். புகை உனக்குப் படிக்கிற சமாச்சாரமாகத்தான் இருந்தது. பயப்பட வேண்டியதாக ஒருநாளும் இருக்கவில்லை. ஏரியில் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும் அல்லவா.

பிறகு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் புது ஆபீஸ் கட்டினார்கள். சத்தம் காதைக் கிழிக்கிறது என்று, காற்று வருவதற்காகப் பின்சுவரில் இருந்த சிமெண்ட் ஜாலியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கதவையும் சாத்தியே வைக்கச் சொன்னார்கள். அதிலிருந்து பிடித்தது பேஜாரு. கரண்ட் போய் முழு லோடு கொடுத்தால் இன்ஜின் முக்கும், குழாயில் கறுப்புப் புகை கொட்டும், லைட்டெல்லாம் மங்கும். நீ ஏர் ஃபில்டரைப் புதிதாக மாற்றினாய். டீசல் ஃபில்டரையும் மாற்றினாய். டீசலில் கலப்படம் என்று நான் சொன்னேன், இன்ஜெக்டர்தான் என்று நீ சொன்னாய், அதைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பினோம். கதவைத் திறந்துபோட்டு வேலை பார்க்கும்போது இன்ஜின் சாதுவாக ஓடும். கதவைச் சாத்திவிட்டு வந்தால் மறுபடியும் புகை. அதோடு கதவு வேறு மக்கர் பண்ணியது. இன்ஜின் ஓடும்போது இரண்டு கையாலும் தள்ளினால்தான் வெளிப்பக்கம் திறக்கும். கீல் துருப்பிடித்திருக்கிறது என்று நீ கீலுக்கு எண்ணெய் போட்டாய்! நானும் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்றேன்.

சர்வீஸ் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். உன்னிடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கீல் கதையை நீ சொன்னதும் எழுந்துபோய், இன்ஜின் ஓடும்போதே கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"அண்ணே, கீல் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற காத்தையெல்லாம் இன்ஜின் இழுத்துக்குது, வெளியேருந்து வர வழி இல்ல. அதான் கதவை வெளிக்காத்து அமுக்குது. இன்ஜினுக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். "காத்து பத்தலன்னு எனக்கே தெரியும் மேடம். ஃபில்டரத்தான் பாத்தேன், ரூம பாக்கல. ஏரியில ஏது ரூமு?"

மறுநாளே அடைத்த சுவரை உடைத்துவிட்டார்கள். ஞாபகம் இருக்கிறதா? எந்தக் கடிதமும் இல்லை, யார் கையெழுத்தும் இல்லை. உற்பத்தி நின்றுபோகிறது என்றதும் மேனேஜரே நின்று உடைக்க வைத்தார். புகை தெளிந்தது. இன்ஜின் முழு லோடையும் அசராமல் இழுத்தது.

வந்த அன்றைக்கே அந்தப் பெண் இன்னொன்றையும் காட்டினாள். உன் நாற்காலிக்கு மேலே சைலன்சருக்குப் போகும் குழாயில் ஒரு இணைப்பு. அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. "சார், இங்க லீக் இருக்கு. இதனால பவர் குறையாது. ஆனா உள்ள உக்கார்றவருக்கு ஆகாது. இணைப்புக்கு நடுவுல இருக்கிற கேஸ்கெட் வளையத்தை மாத்திடுங்க." மேனேஜர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. கம்பெனியை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கும் அடுத்த ஷட்டவுனில் பார்க்கலாம் என்றார். அந்த ஷட்டவுனில் பெயிண்ட் அடித்தார்கள். அதற்கடுத்ததில் ஆபீஸுக்கு ஏசி வந்தது. இன்ஜினுக்கு மூச்சு முட்டினால் சுவர் உடைகிறது. மனிதனுக்கு முட்டினால் அடுத்த ஷட்டவுன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

கோபம் அவர்கள் மேல் மட்டும் என்று நினைக்காதே. கைக்குட்டையில் கறுப்பாகத் துப்பிவிட்டு அதை மடித்துப் பாக்கெட்டில் வைப்பாய். "போய் சண்டை போடுடா" என்றால், "ஏரியில இத்த வுட ஜாஸ்தி புகை குடிச்சிருக்கேன்" என்பாய். "இங்க ஏதுடா ஏரி?" என்று கத்தினேன். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேனேஜர் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொன்னாய்: "லோடு இழுக்குதுல்ல, அப்புறம் இன்னா?" இன்ஜினைச் சொன்னாயா, உன்னைச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. இரண்டையும்தான் சொன்னாய்.

ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். பொன்னேரி பக்கம் போகிற ரயில் கீழே வந்துகொண்டிருந்தது. "மச்சான், லோடு இழுக்கல" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் உன் நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாக, எத்தனை வருடமாகச் சிகரெட் என்று கேட்டார். உனக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "நான் குடிச்சதில்ல சார், எனக்குக் குடுத்தாங்க" என்றாய். அந்தக் கோபத்தை ஏன்டா அவ்வளவு தாமதமாக எடுத்தாய்?

துக்கத்துக்கு வந்த மேனேஜர் மாலையைப் போட்டுவிட்டு உன் மனைவியிடம், "பீடிப் பழக்கம் எதாவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் இப்போது பலகை.

உன் நாற்காலியில் இப்போது ஆரம்பாக்கத்துக்காரர் ஒருவர் உட்கார்கிறார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். பலகை மாட்டிய மறுநாள் கரண்ட் போனது. அவர் இன்ஜினை ஓட்டிவிட்டு, வாயில் துண்டை வைத்து இருமினார். உன் இருமல் போலவே இருந்தது. நான் போய் லைன் மாற்றும் கைப்பிடியைத் தொடாமல் கைகட்டி நின்றேன். மெஷின் ஒன்றும் ஓடவில்லை. மேனேஜர் ஓடிவந்தார்.

"இன்ஜின் ஓடுதே, ஏன்யா லோடு வரல?"

"மேல ஜாயின்ட்ல கேஸ்கெட் போட்டா வரும் சார்."

"அதுக்கும் லோடுக்கும் இன்னா சம்பந்தம்?"

"இன்னையிலேருந்து சம்பந்தம் கீது சார்."

இன்ஜினை நிறுத்தச் சொன்னார். என்னை என்னென்னவோ சொன்னார். பஜாருக்கு பைக் பறந்தது. சாப்பாட்டு மணிக்கு முன்னால் கேஸ்கெட் வந்துவிட்டது. குழாய்ச் சூடு ஆறத்தான் நேரம் ஆனது. நாலு போல்ட், அவ்வளவுதான் வேலை. என் மேல் மெமோ வருமாம். வரட்டும்.

கழற்றிய பழைய கேஸ்கெட் என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. உள்ளங்கை அகல வளையம், ஒரு பக்கம் எரிந்து அரித்துப்போயிருக்கிறது. பையைத் திறந்தால் உன் சட்டை வாசனைதான் வருகிறது. "இத்த எதுக்கு சுமந்துக்கினு திரியற, தூக்கிப் போடு" என்று வீட்டில் திட்டுகிறாள். போட மாட்டேன். பலகை கதவில் தொங்குகிற வரைக்கும் இது என் பையில் இருக்கும். நீ பாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டாய். நீ படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான்டா பட்டுக்கொண்டிருக்கிறேன்.