பூண்டு விலையில் முந்தியது யார்

பிப். 6, 1978. திங்கள்

காற்று. மாசி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் எங்கள் எருத்தேன்பதி முழுக்கக் கண்ணில் மண். கதவைத் திறந்தால் கார்டு பறக்கிறது, சாத்தினால் புழுக்கம். கணிப்பொறிக்காகத் துளையிட்ட கார்டுகளை நோட்டோடு ஒத்துப் பார்த்ததிலேயே பகல் போயிற்று. நான்கு வருடம், வாரத்துக்கு ஒரு கார்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு விலை. ஒன்று மலைமேல் வட்டவடையில் பூண்டு விலை, அங்குள்ள விவசாயிகள் சங்கத்தார் தங்கள் நோட்டைப் பார்த்தெழுதித் தபாலில் அனுப்பியது. மற்றது பொள்ளாச்சி மண்டி விலை, அப்பாவின் நோட்டிலிருந்து.

கேள்வி இவ்வளவுதான். போன வாரங்களின் மண்டி விலையையும் சேர்த்துக்கொண்டால், இந்த வார மலை விலையை இன்னும் சரியாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் மண்டி முந்துகிறது. பிறகு திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். என் பேராசிரியர் இதையே ஒரு மணி நேரம் சொல்வார்.

மண்டிக்காரர்கள்தான் விலையை அடித்துக் கீழே இறக்குகிறார்கள் என்று வட்டவடைக்காரர்கள் மனு போட்டிருக்கிறார்கள். சொந்த ஏலக்களம் கேட்கிறார்கள். என் அட்டவணை விசாரணை அதிகாரிக்குப் போகிறது. மண்டிக்காரர்களில் அப்பாவும் ஒருவர்.

"மலையில சொல்ற வெலைதான் கண்ணு. நாங்க பின்னால போறவங்க. நல்லாப் பாத்துச் சொல்லு" என்று நோட்டுகளை அவரேதான் எடுத்துக் கொடுத்தார்.

பிப். 8. புதன்

கோவை. கணிப்பொறி அறையில் குளிர். ஸ்வெட்டர் மறந்தேன், வழக்கம்போல. ஆப்பரேட்டர் என் கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "புரோகிராம் கட்டு முன்னால, டேட்டா கட்டு பின்னாலங்க. மாத்தி வெச்சா மெசினு கோவிச்சுக்கும்" என்றார். சரியாகத்தான் வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தாலே தப்பு செய்பவள் போல இருக்குமோ என்னவோ.

நாளைக்கு வரச் சொன்னார். வரிசையில் எனக்கு முன்னால் நூற்பாலைச் சம்பளப் பட்டியல்.

பிப். 9. வியாழன்

வந்துவிட்டது! மலையிலிருந்து மண்டிக்கு: எஃப் என்ற சோதனை எண் பெரியது. மண்டியிலிருந்து மலைக்கு: ஒன்றுமே இல்லை. மலைதான் முந்துகிறது, சரியாக ஒரு வாரம். அப்பா சொன்னது அப்படியே.

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். வெளியே போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏன் லேட் என்பதற்கே நூறு கேள்வி கேட்கிறவர்.

பிப். 11. சனி

பேரா. காகிதத்தை இரண்டு முறை புரட்டினார். "மலையில ஒரு போன் கிடையாது. பொள்ளாச்சிக்கு முன்னாடி அவங்களுக்கு எப்படிம்மா வெலை தெரியும்? அந்த நோட்டை நீ கண்ணால பாத்தியா?"

இல்லை. நகலைத்தான் பார்த்தேன். எரிச்சல். அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

வட்டவடைக்கு எடுத்துப்போக: ஸ்வெட்டர், வாந்தி மாத்திரை, பென்சில் 2, எலுமிச்சம்பழம்.

பிப். 14. செவ்வாய். வட்டவடை

மூணாறிலிருந்து ஜீப். உள்ளே பதினான்கு பேர், என் மடியில் யாருடைய பையோ. மாத்திரை வேலை செய்யவில்லை.

சங்கத்து எழுத்தர் பெருமாள், அறுபது இருக்கும், கம்பளிக் குல்லாய். பாலில்லாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு நோட்டை விரித்தார். இந்த வாரத்து வரியில் தேதி, ஆள் பெயர், மூட்டைக் கணக்கு எல்லாம் இருந்தன. விலை மட்டும் இல்லை. போன வாரத்து வரியிலும் இல்லை.

"வெல இன்னும் வரலயேம்மா. இந்த வாரம் மூடை ஏறி மலை இறங்கும். அடுத்த வாரம் மண்டியில விக்கும். அதுக்கும் அடுத்த வாரம் மண்டி ஆளு வெலச் சீட்டோட மேல வருவாரு. அப்ப எழுதுவோம்."

"எங்கே எழுதுவீங்க?"

"மூடை ஏறுன நாளுக்கு நேராத்தான். எந்த மூடைக்கு என்ன வெலன்னு தெரியணும்ல?"

அட நாசமே! மூன்றாம் வாரம் தெரியும் விலை முதல் வாரத்து வரியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் வாரத்து மண்டி விலையை அது ஏன் முந்தாது? நான்கு வருடமும் இப்படியே. அவர் தப்பே செய்யவில்லை. மூட்டைக்கு அது சரி. எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

பெருமாள் கிளம்பும்போது, "நல்லபடியா எழுதுங்கம்மா. ஏலக்களம் வந்தா பிள்ளைகளுக்காச்சும் மூடை ஏத்தும்போதே வெல தெரியும்" என்றார். நான் யார் மகள் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

பிப். 16. வியாழன்

மலை விலையை இரண்டு வாரம் கீழே, அது தெரியவந்த வாரத்துக்கே தள்ளி மறுபடி ஓட்டினேன். தலைகீழ். மண்டி முந்துகிறது. மலையிலிருந்து மண்டிக்கு ஒன்றுமில்லை.

முந்துவதாலேயே காரணம் ஆகிவிடாது என்று அடிக்குறிப்பு போடச் சொன்னார் பேரா. போடுகிறேன். ஆனால் அதிகாரி அடிக்குறிப்பா படிக்கப் போகிறார்?

அழுகை வந்தது. கணிப்பொறி மையத்துக் குழாயில் முகம் கழுவினேன். பாதியில் தண்ணீர் நின்றுவிட்டது.

பிப். 17. வெள்ளி

மண்டிதான் முந்துகிறது என்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மலையில அப்படித்தான் எழுதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாங்கப்பா?"

"மேல போற சீட்டை எழுதறதே நாந்தானே கண்ணு."

"அப்ப அன்னிக்கு ஏன் சொல்லலீங்க?"

கை கழுவப் போனார். அம்மா என்னை முறைத்தாள்: "அவரைக் கேள்வி கேக்கறதுக்குத்தான் படிக்க வெச்சோமா?"

அப்பா மேல் கோபம். அவர் இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது, அதைப் பார்க்கவும் முடியவில்லை.

பிப். 18. சனி

காற்று இல்லை. அதிசயம்.

எட்டு மணிக்கு அப்பா மண்டிக்குக் கிளம்பினார். பத்து மணிக்கு மண்டியிலிருந்து திரும்பி வந்தார். என் மேஜையில் ஒரு நோட்டை வைத்தார். அட்டை புதுசு. போன வருடத்து விலை. நான் வாங்கியவற்றில் அது இல்லை, அதற்கு முந்திய நான்கு வருடத்து நோட்டுகள்தான் இருந்தன.

"இது வீட்ல இல்லைன்னு சொன்னனே, மண்டியிலதான் இருந்துச்சு. போன வருசந்தான் வெலைய ரொம்ப அடிச்சோம். இதையும் சேத்திப் போடு."

பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். செருப்பு வார் அறுந்திருந்தது, ஊக்கு குத்தியிருந்தார்.

அந்த வருடத்து மலை விலை ஏற்கனவே வந்திருக்கிறது; இன்னும் ஐம்பத்திரண்டு கார்டு. எழுத உட்கார்ந்தேன்.