மேசைவிரிப்புக்கு அடியில்

அன்புள்ள ட்ரெவருக்கு,

இன்று காலை தொலைபேசியில் அந்த உதவித்தொகை அலுவலகப் பெண்ணிடம் நீ கத்தியது சமையலறை வரை கேட்டது. "படிவத்தை என் பொண்டாட்டியே கொண்டுபோய் தபால்ல போட்டாம்மா. அவ மறக்கிற ஆளே இல்ல. நீங்கதான் தொலைச்சிருக்கீங்க!"

அவர்கள் தொலைக்கவில்லை.

ஒரு வருடக் கெடு முடிந்து உன் உடல்நல உதவித்தொகை நின்றபோது, "காசு வராட்டியும் மனுவை மூட விடக்கூடாது. உடம்பு மோசமானா அதை வச்சுத்தான் திரும்பக் கேக்க முடியும்" என்று சொன்னது நீதான். மார்ச்சில் மறுபரிசீலனைப் படிவம் வந்ததும், நடுங்கும் கையால் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாய்.

அதைத் தபாலில் போடப் போனேன்; கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டர்க்காரி பாலின், உறைமேல் இருந்த உதவித்தொகை அலுவலக விலாசத்தைப் படித்தாள். "இன்னுமா? நேத்து ட்ரெவர் தோட்டத்துல நல்லாத்தானே நின்னாரு!" வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பால் மட்டும் வாங்கி வந்தேன். பத்துப் பைசா தராதவர்களுக்காக ஏன் இந்த அவமானம் என்று தோன்றியது. பிறகு வந்த நினைவூட்டல் கடிதத்தையும் உன்னிடம் காட்டவில்லை.

இப்போது உன்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. மனுவையும் மூடிவிட்டார்கள்.

அந்த உறை, நினைவூட்டல் கடிதம் இரண்டும் கிறிஸ்துமஸ் மேசைவிரிப்புக்கு அடியில் இருக்கின்றன. வியாழக்கிழமை நூலகத்துக்கு வரும் உதவித்தொகை ஆலோசகரிடம் அவற்றைக் கொண்டுபோய், நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். அந்தக் கவுண்டர்க்காரி பாலின் என் பக்கத்தில் நின்றாலும் சொல்வேன்.

அதுவரை அந்த அலுவலகப் பெண்ணிடம் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லாதே.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் மனைவி