கீழப்பழுவூர் தாண்டி பஸ் நின்ன நாள்

அன்பு மகன் செபஸ்டினுக்கு, ஏலாக்குறிச்சியிலேர்ந்து அம்மா எழுதுறது. அடைக்கல மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், பேச்சுக்கு எழுதல சாமி, நெசமாவே நல்லா இருக்கோம். நீயும் அந்தக் கத்தார் வெயில்ல சுகமா இருக்கணும்னு செபமாலை சொல்றப்பல்லாம் வேண்டிக்கிறேன். உன் தங்கச்சி ஷைனி போன வாரம் வந்திருந்தா. கம்பெனி மெடிக்கல்ல உனக்குச் சர்க்கரை கூடுதலா இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னு அவதான் சொன்னா. நான் போன் போட்டு உன்னைக் கேட்டதுக்கு, இங்க வண்டி ஓட்டுற எல்லாருக்கும் இருக்குதும்மான்னு சிரிச்சுட்டு, லோடு ஏத்துறாங்கன்னு வச்சுட்ட. போன்ல நீ பேச விட மாட்ட, அதான் எழுதுறேன். ஷைனி இதைப் படம் புடிச்சு அனுப்புவா, வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் படி.

எனக்குக் கல்யாணமான புதுசுல அப்பா அரியலூர் டவுன் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தாரு. மத்தியான டிரிப்பு நம்ம ஸ்டாப்புக்கு வர்ற நேரம் பாத்து நான் கேரியரைத் தூக்கிக்கிட்டுப் போயி நிப்பேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக நல்ல சேலையா எடுத்துக் கட்டுவேன், இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பு வருது. வளைவு திரும்பறப்பவே ஆரன் அடிப்பாரு, இன்னிக்கு என்னா கொழம்புன்னு பஸ்ஸு முழுக்கக் கேக்கற மாதிரி கேப்பாரு, உள்ள இருக்கற பொம்பளைங்கள்லாம் என்னைப் பாத்துச் சிரிப்பாளுவ. கேரியரு கைக்குப் போயிடும், ஆனா சோறு வயித்துக்குப் போவாது. டிரிப்பு லேட்டு, அடுத்த வண்டி வந்துடுச்சுன்னு சாயங்காலம் பாதிக்கு மேல அப்படியே திரும்பி வரும். பகலெல்லாம் பன்னும் டீயும், டீன்னா சக்கரை தூக்கலா. நடுவுல வண்டிய நிறுத்தி ஒண்ணுக்குப் போவ முடியாதுன்னு தண்ணியே குடிக்க மாட்டாரு. ராத்திரி பஸ் ஸ்டாண்டு பரோட்டா, அதுக்கு மேல வூட்டுக்கு வந்து எனக்காக ஒரு தட்டுச் சோறு, கைய கழுவுன ஈரம் காயறதுக்குள்ள படுக்கை. காய்ச்சல்னு ஒருநாள் படுத்தவரு இல்ல, அதனால யாருக்கும் அது தப்பாத் தெரியல. சர்க்கரை வந்தப்பவும் மாத்திரை மட்டுந்தான் புதுசா சேந்துச்சு, மத்ததெல்லாம் பழையபடி ஓடுச்சு.

நீ கத்தார் போன மறு வருசம் அப்பாவுக்கு மயக்கம்னு சொன்னோமே, உனக்கு அவ்வளவுதான் தெரியும். முழுசாச் சொல்ல அவரு விடல, இப்ப அவரே எழுதச் சொல்லிட்டாரு. அன்னிக்குக் காலையில மாத்திரையப் போட்டுக்கிட்டு, டிரிப்பு முடிச்சுட்டுத் தின்னுக்கலாம்னு ஒண்ணும் சாப்புடாம வண்டிய எடுத்திருக்காரு. பஸ்ஸு முழுக்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. கீழப்பழுவூர் தாண்டி வர்றப்ப ஒடம்பெல்லாம் வேர்த்து, ஸ்டியரிங் புடிச்ச கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. எதிர்ல சிமெண்டு லாரி வருது, அது ஒண்ணா ரெண்டான்னே தெரியலயாம். எப்படியோ பஸ்ஸ ஓரங்கட்டி, ஆண்ட் பிரேக்கையும் போட்டுட்டு, கண்டக்டர் ஆண்டவரைக் கூப்புட்டு, என்னால ஆவலப்பா, புள்ளைங்கள எறக்கி வேற வண்டியில ஏத்திடுன்னு சொல்லிட்டுச் சாஞ்சுட்டாரு. பஸ்ல வந்த ஒரு மவராசி, பேரு சம்பூர்ணமாம், வெறும் வயித்துல மாத்திரை போட்டதால சர்க்கரை ஒரேயடியா எறங்கிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு, பையில இருந்த சக்கரையத் தண்ணியில கரைச்சு வாயில ஊத்தியிருக்கா. அவ இல்லன்னா நான் இன்னிக்கு இந்தக் கடுதாசிய எப்படி எழுதிக்கிட்டு இருப்பேன்னே தெரியல.

அரியலூர்ல டாக்டரு எல்லா டெஸ்ட்டும் பாத்துட்டு, சர்க்கரை கிட்னியிலயும் கொஞ்சம் கைய வச்சிருக்குதும்மா, இது இன்னிக்கு வந்ததில்ல, வருசக்கணக்கா தினம் கொஞ்சம் கொஞ்சமா வந்ததுன்னாரு. வெளிய வந்ததும் அப்பா, மேரி, அந்தப் புள்ளைங்கள நான் என்னா பண்ணியிருப்பேன்னு கேட்டு அழுதாரு. உங்க அப்பா அழுது நான் பாத்தது அன்னிக்குத்தான்.

அதுக்கப்புறந்தான் மாறினாரு. தட்டுல சோறு பாதி, கீரை காய் பாதி. டீக்கு சக்கரை இல்ல. காலையில கொள்ளிடக்கரை வரைக்கும் நடை, கண்டக்டர் ஆண்டவரும் தொப்பையக் கொறைக்கறேன்னு கூட வருவாரு. மொத மாசம் வூட்டுல ஒரே சண்டை, இதெல்லாம் மனுசன் திங்கறதான்னு தட்டைத் தள்ளுவாரு, கொஞ்ச நேரங் கழிச்சு அவரே இழுத்து வச்சுக்குவாரு. சர்க்கரை எறங்குச்சு, கிட்னியும் அதுக்கு மேல கெடாம நின்னுடுச்சு. ஜாக்கிரதையா இருந்தா வண்டி ஓட்டலாம்னு டாக்டரு சொன்னப்ப எனக்குச் சந்தோசம். இவரு டிப்போவுக்குப் போயி, நான் நல்லா இருக்கேன்னு எனக்குத் தெரியும், பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு அது தெரியாதே சார், வேற வேலை குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு. ரிட்டயர் ஆவற வரைக்கும் ஷெட்டுலதான் இருந்தாரு. தான் ஓட்டின பஸ்ஸ வேற ஆளு எடுத்துக்கிட்டுப் போறப்ப மட்டும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாராம், கண்டக்டர் ஆண்டவரு சொன்னாரு.

இப்ப மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுறோம். கல்யாணமாகி இத்தன வருசத்துல இது எங்களுக்குக் கெடச்சதே இல்ல. நீயும் உன் பொண்டாட்டி புள்ளையோட இப்படி உக்காரணும், அதுக்கு இப்பவே பாத்துக்க. நீ குடிக்கிற அந்த இனிப்புக் கலர் தண்ணி டப்பாவ விட்டுடு, வேளைக்குச் சாப்புடு, தண்ணி நெறையக் குடி, லோடு ஏத்தற நேரத்துல வண்டியில படுத்துக் கெடக்காம வெயில் தாழ கொஞ்சம் நட. அப்பா சொல்றாரு, அவன் டிரெய்லர்ல ஆள ஏத்தல, சரக்குதானேன்னு நெனப்பான், எதிர்ல வர்றவனும் ஒரு வூட்டுப் புள்ளதான்னு எழுதுன்னு.

மாதா உன்னைக் கையில வச்சுக் காப்பாத்தட்டும். வர்ற வெள்ளிக்கிழமை லீவுல மறக்காம ரத்த டெஸ்ட் எடு. என்னா நம்பர் வந்தாலும் அப்படியே சொல்லு, அம்மா பயப்படுவான்னு கொறச்சுச் சொல்லாத. நான் ஏச மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நெனப்பாவே இருக்கும் அம்மா
அமலோற்பவமேரி